முகிலின் முகம்

மனிதர் எவரையும் காட்டாத ஓர் ஓவியத்தை நினைத்துக்கொள்வோம். ஒரு வயல்வெளி, அதனூடே ஓடும் ஒரு சிற்றாறு, இரண்டின் மேலும் கவிந்த கனத்த வானம், அவ்வளவே அதிலுள்ளவை. கதை எதுவும் அங்கே நிகழவில்லை. ஆயினும் அதன்முன் சிறிது நேரம் நின்றால் நம் உள்ளத்தில் துயரமோ, அமைதியோ, இன்னதென்று விளங்காத அச்சமோ மெல்லத் தோன்றுகின்றது. வயலுக்குத் துயரம் இல்லை. ஆற்றுக்கு அச்சம் இல்லை. அவ்வாறாயின் அவ்வுணர்ச்சி எங்கிருந்து வந்தது? ஓவியன் தன் நெஞ்சிலிருந்ததை எடுத்துக் காட்சியின்மேற் பூசினானா? அல்லது அதற்குரிய காரணங்கள் காட்சியிலேயே இருக்க, அவற்றை அவன் கண் கண்டறிந்ததா?

இவ்வினா அறிஞரின் ஏட்டளவில் நின்றுவிட்ட ஒன்றன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவின் தலைசிறந்த ஓவியர் சிலர் இதனை முன்வைத்தே தம் தொழில்முறையை வகுத்தனர். அதன்பொருட்டு ஏளனத்தையும் புறக்கணிப்பையும் ஏற்றனர். அவ்வழக்கிலே முகில் ஒரு சாட்சியாக வந்து நின்றது. முகிலுக்கு ஓர் இலண்டன் மருந்து வணிகர் பெயரிட்டதும், அப்பெயர்களை ஓர் ஓவியர் வேண்டாமென்று மறுத்ததும், மற்றோர் ஓவியர் அவற்றை ஆவலோடு கற்றதும் ஆகிய வரலாற்றையே நேயர்களுக்கு இங்குச் சொல்லக் கருதுகின்றேன்.

ஓவியத்தின் மனநிலை என்று நாம் கூறுவதை ஜேர்மன் மொழியினர் 'ஸ்டிம்முங்' என்னும் சொல்லாற் குறிப்பர். அச்சொல் இசைத்துறைக்கும் உரியது. நரம்புக் கருவியின் தந்திகளை முறுக்கியும் தளர்த்தியும் ஒன்றோடொன்று இசையச் செய்வதையும் அது குறிக்கும். சுருதி கூட்டுதல் என்று நாம் சொல்வதும் அதுவே. கச்சேரி தொடங்குமுன் சுருதி கூட்டப்படுகின்றது; பாடகர் எந்த இராகத்தை எடுத்தாலும் அச்சுருதியை விட்டு விலகார். இயற்கைக் காட்சி ஓவியத்திலும் மரமும் நீரும் நிலமும் தனித்தனிப் பொருள்களேயாயினும், அவை அனைத்தையும் ஒரே சுருதியில் நிறுத்துவது ஒன்றுண்டு. அவற்றினிடையே பரந்திருக்கும் காற்றும் ஒளியுமே அது. வளிமண்டலம் என்று பௌதிகம் பேசுபவர் கூறுவதையும், சூழலின் உணர்ச்சி என்று கலை பேசுபவர் கூறுவதையும் ஆங்கிலேயர் ஒரே சொல்லாற் குறிப்பதும் தற்செயலன்று.

காற்றின் வேலையை ஐரோப்பிய ஓவியர் முன்னரே அறிந்திருந்தனர். தொலைவிலுள்ள மலைகள் நீலம் பாரித்து விளிம்பு மங்கித் தோன்றுவதற்கு இடையிலுள்ள காற்றே காரணம் என லியொனார்டோ டா வின்சி (1452 - 1519) தம் குறிப்புகளில் விளக்கியுள்ளார். பதினேழாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த குளோட் லொறேன், கதிரவனையே படத்துக்குள் நிறுத்தி, அதன் பொன்னொளியில் துறைமுகங்களை நனைத்தெடுத்தார். அதே நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டு ஜேக்கப் வான் ருயிஸ்டேல், மலையற்ற தம் தாய்நாட்டை வரைகையில், ஹார்லம் நகரக் காட்சிகளிற் படப்பரப்பின் மூன்றிலிரண்டு பங்கை வானத்துக்கே கொடுத்தார். அவர் படங்களில் ஒரு வயலின்மேல் முகிலின் நிழல் விழுந்திருக்கும். அடுத்த வயல் வெயிலில் ஒளிரும். காற்று வீசுகின்றது என்பதை அந்நிழலே நமக்குச் சொல்லும்.

ஆயினும் கலைக்கழகங்களில் இயற்கைக் காட்சிக்கு உயர்ந்த இருக்கை கிடைக்கவில்லை. 1667 ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர் அந்திரே பெலிபியன் ஓவிய வகைகளை வரிசைப்படுத்தினார். சமயக் கதையும் வரலாறும் உரைக்கும் ஓவியம் முதலிடம் பெற்றது. மனிதரின் உருவப்படம் அதன்பின் வந்தது. காட்சி ஓவியம் கனிகளையும் மலர்களையும் வரைவதற்கு ஒரு படி மேலே மட்டும் வைக்கப்பட்டது. மனிதனின் செயலிலேதான் மேலான பொருள் உண்டு, மரத்திலும் வானத்திலும் அது இல்லை என்பதே இவ்வரிசையின் உட்கருத்து. நூறாண்டுகளுக்கு மேலாக இக்கருத்தே ஆட்சி செய்தது. ஆகவே, ஆளற்ற நிலத்தை வரைந்து அதனால் நெஞ்சை அசைக்க முடியும் என்று சொன்ன ஓவியன் எவனும் இவ்வரிசையையே எதிர்த்தவனானான்.

இந்நிலையில் 1802 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலண்டனில் ஒரு சிறு நிகழ்ச்சி நடைபெற்றது. லூக் ஹவார்ட் என்னும் மருந்து வணிகர், விஞ்ஞான ஆர்வலர் சிலர் கூடிய சங்கமொன்றில் முகில்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். கணந்தோறும் உருமாறும் முகிலை வகுத்துப் பெயரிட முடியுமென்று அதுவரை பலர் எண்ணவில்லை. ஹவார்ட், மாற்றங்கள் எத்தனையாயினும் அடிப்படை வடிவங்கள் சிலவே என்றார். இழையிழையாகப் படரும் கீற்று முகில், குவியலாகத் திரளும் திரள் முகில், விரிப்புப் போலப் பரவும் படை முகில் என்பன அவை. இவற்றின் கலப்பால் வேறு வகைகள் தோன்றும். மழையைப் பொழிவது மழை முகில். அவர் இட்ட இலத்தீன் பெயர்களை அடிப்படையாகக் கொண்டே இன்றுவரை உலகின் வானிலை நிலையங்கள் முகிலைக் குறிக்கின்றன.

1803 இல் அக்கட்டுரை அச்சில் வந்தது. அதில் ஓர் உவமை உண்டு. காற்றுமண்டலத்தில் நிகழும் மாறுதல்களுக்கு முகில் வெளிப்படையான அடையாளமாகும். ஒருவருடைய உடல்நிலையையும் மனநிலையையும் அவர் முகம் காட்டுவதைப் போன்றதே அது என்பது அவர் கருத்து. விஞ்ஞானம் பேச வந்தவர் முகிலுக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டார். முகத்தில் தோன்றும் துயரம் எவரும் மேலே பூசிய வண்ணமன்று. உள்ளிருக்கும் நிலை ஒன்றின் குறியே. இவ்வுவமையை நாம் நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று.

இனி ஜேர்மனிக்குச் செல்வோம். காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் 1774 ஆம் ஆண்டில் பால்டிக் கடற்கரையிலுள்ள கிரைப்ஸ்வால்ட் நகரிற் பிறந்தவர். ஏழு வயதளவில் தாயை இழந்தார். பதின்மூன்றாம் வயதில் அவர் கண்முன்னே அவருடைய தம்பி பனிநீரில் மூழ்கி இறந்தான். பின்னர் டிறெஸ்டன் நகரில் குடியேறி, இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1808 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் தம் பணிமனையில் ஓர் ஓவியத்தைப் பலர் காண வைத்தார். பாறைக்குன்று ஒன்றின்மேல் ஊசியிலை மரங்களின் நடுவே ஒரு சிலுவை. அதற்குப் பின்னால் அந்தி வானம். கோயிற் பீடத்தில் வைப்பதற்குரிய அமைப்பில் அப்படம் சட்டமிடப்பட்டிருந்தது. 1809 சனவரியில் ரம்டோர் என்னும் திறனாய்வாளர் அதனைக் கடுமையாகத் தாக்கினார். காட்சி ஓவியம் கோயிலுக்குள் நுழைந்து பலிபீடத்தின்மேல் ஏற முயல்வது அடாத செயல் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். பெலிபியனின் வரிசை இங்கே மீண்டும் பேசுவதை நாம் காணலாம்.

பிரீட்ரிக் பின்வாங்கவில்லை. 1810 ஆம் ஆண்டில் பேர்லின் கலைக்கழகத்தில் 'கடலோரத்துத் துறவி' என்னும் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். கீழே வெண்மணற் கரை. அதனையடுத்துக் கரிய கடல் ஒரு கீற்று. எஞ்சிய பெரும்பரப்பு முழுவதும் வானம். கரையில் ஒரு துறவி விரலளவு உருவாகத் தனியே நிற்கின்றார். அக்காலத்து மக்கள் இத்தகைய வெறுமையை ஓர் ஓவியத்திற் கண்டதில்லை. முதலில் அவர் அக்கடலிற் கப்பல்களையும் வரைந்திருந்தார். பின்னர் அவற்றை மறைத்துவிட்டார் என்பதை நம் காலத்து ஆய்வுக் கருவிகள் வெளிப்படுத்தியுள்ளன. கப்பல் இருந்தால் கண் அதனைத் தொடரும்; எங்கிருந்து வந்தது, எங்கே போகின்றது என்று மனம் கதை தேடும். கப்பல் நீங்கியதும் கண்ணுக்குப் பற்றுக்கோடு இல்லை. வானத்தை எதிர்கொள்வதைத் தவிரப் பார்ப்பவருக்கு வேறு வழியில்லை. பிரசிய மன்னர் அதனை விலை கொடுத்து வாங்கினார். இன்றும் அது பேர்லினிலேயே இருக்கின்றது.

பிரீட்ரிக்கின் கொள்கை யாவரும் அறிந்தது. ஓவியன் தன் முன்னே காண்பதை மட்டுமன்றித் தன்னுள்ளே காண்பதையும் வரைதல் வேண்டும். உள்ளே எதையும் காணாதவன் வெளியே காண்பதையும் வரையாது விடுதல் நன்று என்பார் அவர். அவருடைய பணிமனையை நண்பர் கேர்ஸ்டிங் வரைந்த படங்களில் நாம் காணலாம். வெறுஞ் சுவர்கள், கீழ்ப்பாதி அடைக்கப்பட்ட சாளரம், வெளிக்காட்சி கண்ணைக் கவராதபடி மேலிருந்து மட்டும் விழும் ஒளி. வெளியே சென்று மரத்தையும் பாறையையும் மிக நுணுக்கமாகக் கோட்டோவியமாக வரைந்து வருவார். நாளும் குறித்து வைப்பார். ஆனால் வண்ண ஓவியம் பிறப்பது அவ்வறைக்குள்ளேதான்.

இத்தகையவரிடம் 1816 ஆம் ஆண்டில் ஒரு வேண்டுகோள் வந்தது. அனுப்பியவர் பெருங்கவிஞர் கேதே. ஹவார்டின் கட்டுரையைச் சிறிது காலத்துக்கு முன்னர் அறிந்து அதில் மூழ்கியிருந்த கேதே, அவ்வகுப்பின்படி முகில்களை வரைந்து தருமாறு, லூயிஸ் சைட்லர் என்னும் பெண் ஓவியர் வாயிலாகப் பிரீட்ரிக்கைக் கேட்டார். பிரீட்ரிக் மறுத்தார். கட்டின்றித் திரியும் முகிலை வகுப்பு என்னும் சிறைக்குள் அடைப்பது காட்சி ஓவியத்துக்கே முடிவு கட்டும் என்று அவர் அஞ்சினார். புகழின் உச்சியிலிருந்த கேதேயின் விருப்பத்தை மறுப்பது எளிய காரியமன்று. பொருள் வளமற்ற ஓவியர் ஒருவர் அதனைச் செய்தாரென்றால், அவ்வச்சத்தை நாம் இலேசாக எண்ணலாகாது. அறிவு முன்னால் வந்தால் உணர்ச்சி பின்னால் ஓடிவிடும் என்னும் அச்சமே அது. பெயர் தெரிந்த பொருளை நாம் பின்னர்ப் பார்ப்பதேயில்லை என்பதும் ஓரளவு உண்மைதானே.

இவ்வச்சத்துக்கு வாழ்க்கையே ஒரு விடையை அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. நோர்வே நாட்டு ஓவியர் யொஹான் கிறிஸ்டியன் டால் 1818 இல் டிறெஸ்டன் வந்து சேர்ந்தார்; 1823 முதல், எல்பே ஆற்றங்கரையில் பிரீட்ரிக் வாழ்ந்த அதே வீட்டில் தாமும் குடியிருந்தார். டால் முகிலை நேரே பார்த்து, உடனுக்குடன் சிறு எண்ணெய்வண்ணப் படங்களாகத் தீட்டுபவர். கூரை விளிம்புகளின்மேல் எழும் திரள் முகிலும் மழைக்குப் பிந்திய வானமும் அவருடைய சிறு அட்டைகளில் இன்றும் ஈரம் உலராதவை போலத் தோன்றுகின்றன. நண்பர் இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த அடுத்த ஆண்டிலேயே, 1824 இல், பிரீட்ரிக் மாலை வானத்தைச் சிறு எண்ணெய்வண்ணப் படங்களாகத் தொடர்ந்து தீட்டினார். ஒரு படத்தில் செந்நிற முகில் வரிவரியாகக் கிடக்கின்றது. மற்றொன்றில் மஞ்சள் ஊதாவாக மாறும் நேரம். ஹவார்டின் பெயர்களை அவர் ஏற்றுக்கொண்டார் என்பது இதன் பொருளன்று. ஆனால் உள்ளே காண்பதற்கும் வெளியே உற்றுநோக்குவதற்கும் பகையில்லை என்பதை அவர் கை ஒப்புக்கொண்டது.

அதே நகரில் இருவருக்கும் நண்பராயிருந்தவர் கார்ல் குஸ்தாவ் காரூஸ். அவர் மருத்துவர், ஓவியமும் பயின்றவர். 1831 இல் வெளியிட்ட காட்சி ஓவியம் பற்றிய கடிதங்களில், இயற்கையின் நிலைகளுக்கும் மனத்தின் நிலைகளுக்கும் ஓர் இசைவு உண்டு என்று அவர் எழுதினார். நாளுக்கும் ஆண்டுக்கும் தளிர்த்தல், முதிர்தல், வாடல், மறைதல் என்னும் படிகள் உள்ளன. மனத்தின் எழுச்சிக்கும் தளர்ச்சிக்கும் அவ்வாறே. ஓவியன் நிலத்தின் அமைப்பையும் வானத்தின் செயலையும் அறிந்தால், அவன் வரைவது பூமியின் வாழ்க்கை வரலாறாகவே அமையும் என்பது காரூஸின் துணிபு. பிரீட்ரிக்கின் உணர்ச்சிக்கும் ஹவார்டின் அறிவுக்கும் நடுவே ஒரு பாலம் இவ்வாறு சொல்லில் எழுந்தது. அதனைச் செயலில் எழுப்பியவர் கடலுக்கப்பால் இருந்தார்.

ஜோன் கொன்ஸ்டபிள் 1776 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சபொக் மாவட்டத்தில் ஈஸ்ட் பேர்கோல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மாவாலை உடையவர். இளமையில் சிறிது காலம் தந்தையின் காற்றாலையில் கொன்ஸ்டபிள் வேலை செய்தார். காற்றாலைக்காரனுக்கு வானம் வேடிக்கைப் பொருளன்று. காற்றுத் திரும்புவதை முகிலிற் படித்துக் காற்றாடியைத் திருப்பாதவன் ஆலையை இழக்கவும் நேரும். முகிலைப் படிக்கும் இவ்வழக்கம் அவருக்கு ஓவியப் பள்ளிக்கு முன்னரே வாய்த்தது.

அவர் மனைவி மேரியா காசநோயால் நலிந்தவர். நல்ல காற்றை நாடி, இலண்டனுக்கு வடக்கேயுள்ள ஹாம்ஸ்டெட் மேட்டுநிலத்துக்குக் குடும்பம் சென்றது. அங்கேதான் 1821, 1822 ஆம் ஆண்டுகளில் கொன்ஸ்டபிள் வானத்தை மட்டுமே வரைந்தார். சிறு தாள்களில் எண்ணெய் வண்ணம்; சிலவற்றில் ஒரு மரக்கிளைகூட இல்லை. பலவற்றிலே நாள், மணி, காற்று வீசிய திசை ஆகியவற்றை எழுதி வைத்தார். 1821 செப்டெம்பர் 11 ஆம் நாள் வரைந்த ஒன்றில், காலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்ட நேரம், புழுக்கம், மெல்லிய காற்று, பகல் முழுவதும் தெளிவு, அன்றிரவு மழை என்னும் செய்திகள் உள்ளன. இரவு பெய்த மழையையும் பின்னர் சேர்த்து எழுதியிருக்கின்றார். அவ்வானம் எதனைக் கருக்கொண்டிருந்தது என்பதை அறிய அவர் காத்திருந்தார்.

அதே ஆண்டு ஒக்டோபரில் தம் நண்பர் ஜோன் பிஷருக்கு எழுதிய கடிதத்தில் தம் கொள்கையை அவர் விளக்கினார். வானத்தைப் பொருள்களுக்குப் பின்னே விரித்த வெள்ளைத் துணியாகக் கருதுவாரை மறுத்து, காட்சி ஓவியத்தின் ஆதார சுருதியும், அளவுகோலும், உணர்ச்சிக்குத் தலையாய உறுப்பும் வானமே என்றார். ஜேர்மானியர் இசையிலிருந்து பெற்ற அதே கருத்தை ஆங்கிலக் கிராமத்து ஆலைக்காரரின் மகனும் இசையிலிருந்தே பெற்றது வியப்புக்குரியது. ஆனால் சுருதியைச் சேர்க்கும் வழியில் அவர் பிரீட்ரிக்கிலிருந்து வேறுபட்டார். ஹவார்டின் முகில் வகைகளை விளக்கிய தோமஸ் போர்ஸ்டரின் நூலை வாங்கி, ஓரங்களிற் குறிப்பெழுதிப் படித்தார். 1836 இல், இறப்பதற்கு முந்திய ஆண்டில், இலண்டன் அரச விஞ்ஞான நிலையத்தில் ஆற்றிய விரிவுரையில், ஓவியம் ஒரு விஞ்ஞானம், அஃது இயற்கையின் விதிகளை ஆராய்வதாக அமைதல் வேண்டும், ஓவியங்கள் அவ்வாராய்ச்சியின் சோதனைகளே என்று துணிந்து கூறினார்.

இவ்வறிவு அவர் உணர்ச்சியைக் கொன்றதா? அவருடைய ஓவியங்களையே கேட்போம். 1821 இல் வரைந்த 'வைக்கோல் வண்டி' இங்கிலாந்தில் விலைபோகவில்லை. 1824 இல் அது பாரிஸ் கண்காட்சிக்குச் சென்றபோது பிரான்சிய மன்னரின் தங்கப் பதக்கம் பெற்றது. ஆற்றில் நிற்கும் ஒரு வண்டியைத் தவிர அதில் நிகழ்ச்சி இல்லை. மழை நீங்கிக்கொண்டிருக்கும் வானத்திலிருந்து வரும் ஒளி, ஈர இலைகளில் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கின்றது. கொன்ஸ்டபிளின் படங்களைப் பார்த்தால் மேலங்கியும் குடையும் எடுக்கத் தோன்றுகின்றது என்று ஓவியர் பியூசெலி நகையாடினார் என்பர். நகையாடியவர் அறியாமலே அளித்த பாராட்டு அது. வானத்தின் நிலை பார்ப்பவரின் தோலிலே தெரிந்துவிட்டது.

கடுஞ் சோதனை பின்னர் வந்தது. 1828 நவம்பரில் ஏழு பிள்ளைகளை விட்டு மேரியா இறந்தார். மூன்று மாதங்களின்பின், 1829 பெப்ரவரியில், ஐம்பத்திரண்டாம் வயதில், அரச கலைக்கழகம் கொன்ஸ்டபிளை முழு உறுப்பினராகத் தேர்ந்தது. ஒரு வாக்கே மேலதிகம். மகிழ்ச்சியைப் பகிர ஆளில்லாத நேரத்தில் வந்த பெருமை அது. அவ்வாண்டு அவர் காட்சிக்கு வைத்த ஓவியம் 'ஹாட்லிக் கோட்டை'. தேம்ஸ் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் இடிந்து நிற்கும் பழைய கோபுரங்கள், பறவைகள், ஓர் இடையனும் நாயும், முறிந்த முகிலினூடே கடலின்மேல் விழும் ஒளிக்கற்றைகள். மனைவியை இழந்தவரின் ஓலம் அது என்று எவரும் சொல்லலாம். ஆனால் அவர் அதற்கு இட்ட பெயரைக் கவனித்தல் வேண்டும். கோட்டையின் பெயரோடு, தேம்ஸ் முகத்துவாரம், புயல் வீசிய இரவுக்குப் பிந்திய காலை என்றும் அவர் எழுதினார். இடத்தை 1814 இலேயே நேரிற் கண்டு தம் சிறு குறிப்பேட்டில் வரைந்து வைத்திருந்தார். தம் துயரத்தை அவர் வானத்தின்மேல் ஏற்றவில்லை; தாம் நன்கு அறிந்த வானங்களுள் அத்துயரத்துக்கு இசைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். புயலுக்குப் பின்வரும் காலையின் காற்றும் ஒளியும் பிழையின்றி அமைந்தமையாலேயே, மேரியாவை அறியாத நாமும் அப்படத்தின்முன் ஏதோ ஒன்று முடிந்துவிட்டதை உணர்கின்றோம்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். உணர்ச்சிக்காக உண்மையை மாற்றிய பெரியோர் இல்லையா என்று கேட்பர். உண்டு. கொன்ஸ்டபிளுக்கு ஓராண்டு மூத்தவரான ரேணரின் 'போர்க்கப்பல் டெமெரேர்' (1839) இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1805 இல் டிராபல்கார்ப் போரிற் பங்குகொண்ட அக்கப்பல், 1838 செப்டெம்பரில் உடைக்கும் இடத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டது. அப்போது அதற்குப் பாய்மரங்கள் இருக்கவில்லை, முன்னரே கழற்றப்பட்டுவிட்டன. இழுத்தவை இரண்டு நீராவிப் படகுகள். ரேணரோ பாய்மரங்களை மீண்டும் நட்டார். ஒரே கரும் படகை முன்னே விட்டார். எரியும் அந்திவானத்தைப் பின்னே விரித்தார். செய்தி மாறிவிட்டது. ஆனால் அவ்வந்தியைப் பாருங்கள்: அடிவானத்துப் புகைமூட்டத்தினூடே செந்நிறம் கசிவதும், மேலே நீலம் குளிர்வதும், நீர் அவ்விரண்டையும் ஏற்பதும் ஆகிய அனைத்திலும் வானம் பிறழவில்லை. கப்பலில் தம் விருப்பம் போலச் செய்தவர், காற்றிலும் ஒளியிலும் அவ்வுரிமையை எடுத்துக்கொள்ளவில்லை. அதனாலேயே அக்கற்பனை நிலைத்தது. அவரைப் பிறர் ஏளனம் செய்தபோது இளைஞரான ஜோன் றஸ்கின் 1843 இல் எழுதத் தொடங்கிய நூலில், ரேணரின் வானமும் நீரும் மலையும் இயற்கைக்கு எவ்வளவு உண்மையானவை என்பதையே முதல் வாதமாக எடுத்துரைத்தார். அதே றஸ்கின் 1856 இல், துயருற்றவன் அலையையும் பூவையும் துயருறுவனவாகக் கூறுவது உணர்ச்சியால் விளையும் பொய்த்தோற்றம் என்று எச்சரித்தார்.

றஸ்கின் பல்லாண்டுகளாக வானத்தை நாள்தோறும் நோக்கிக் குறிப்பெழுதியவர். 1884 இல் அவர் இலண்டனில் நிகழ்த்திய விரிவுரையில், தம் இளமையிற் காணாத ஒரு கரிய முகிலும் அழுக்குக் காற்றும் இப்போது நாட்டின்மேல் படிகின்றன என்றார். முதியவர் மனம் பேதலித்துப் பேசுகின்றார் என்று கருதினோரும் இருந்தனர். நிலக்கரிப் புகையால் இங்கிலாந்தின் வானம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. பிரான்சிய ஓவியர் கிளோட் மொனே 1899 முதல் 1901 வரை இலண்டனுக்கு வந்து, தேம்ஸ் ஆற்றின் பாலங்களையும் பாராளுமன்றத்தையும் மூடுபனியினூடே மீண்டும் மீண்டும் வரைந்தார். அப்பனியின்றேல் இந்நகருக்கு அழகில்லை என்பது அவர் எண்ணம். அவர் தீட்டிய ஊதாவும் செம்மஞ்சளும் கனவுலகின் வண்ணங்கள் என்றே பலர் நம்பினர். 2023 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ரேணரும் மொனேயும் வரைந்த ஏறக்குறைய 100 ஓவியங்களை ஒப்பிட்டு, அவற்றில் விளிம்புகள் மங்கி வெண்மை மிகுந்து வருவது அக்காலத்துக் காற்று மாசு பெருகிய அளவோடு ஒத்துச் செல்கின்றது என்று காட்டியது. ஓவியரின் போக்கு மாறியதே காரணம் என்று எண்ணியதில் காற்றுக்கும் பங்குண்டு. அதே இலண்டன் நகரில் 1952 டிசம்பரில் ஐந்து நாள்கள் தேங்கிய புகைமூட்டத்தால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மொனே அழகாகக் கண்டதும் மக்கள் மூச்சிழுத்ததும் ஒரே காற்றுத்தான்.

ஆகவே தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு ஒருவாறு விடை கூறலாம். ஓவியத்தின் மனநிலை வெறும் பூச்சன்று. இயற்கை ஒரு நாளின் ஒரு மணியில் எந்நிலையிலிருந்தது என்பதை முழுமையாகக் கண்டவனின் கையிலேயே அது பிறக்கின்றது. பல வானங்களுள் எதைத் தேர்வது, எதை நீக்குவது என்பதை முடிவு செய்வது ஓவியனின் உள்ளம். பிரீட்ரிக் தம் கப்பல்களை நீக்கியது அத்தகைய முடிவு. தேர்ந்ததை நம்பத்தக்கதாக்குவது அவன் கண் பெற்ற அறிவு. இரண்டில் ஒன்று குறைந்தால், அறிவு மட்டும் எஞ்சிய படம் முகில்களின் பட்டியலாகும். உணர்ச்சி மட்டும் எஞ்சிய படம் ஓவியனின் பெருமூச்சாகும். இரண்டும் நம்மைச் சிறிது நேரமே நிறுத்தும்.

பிரீட்ரிக் 1840 இல் நோயாலும் வறுமையாலும் நலிந்து, பெரும்பாலும் மறக்கப்பட்டவராக இறந்தார். 1906 இல் பேர்லினில் நடைபெற்ற பெருங் கண்காட்சியே அவரை மீண்டும் உலகுக்குக் காட்டியது. கொன்ஸ்டபிளின் முகிற் சித்திரங்கள் அவர் காலத்திற் பொதுக் காட்சிக்கு வந்தவையல்ல. தமக்கென வரைந்து தம்மிடமே வைத்திருந்தார். இன்று அவை இலண்டனிலும் பிற நகரங்களிலும் கலைக்கூடச் சுவர்களில் தொங்குகின்றன. அவற்றின் முன்போ வேறெந்தக் காட்சி ஓவியத்தின் முன்போ நிற்க வாய்ப்புக் கிடைப்பவர், இது சோகமானதா, மகிழ்ச்சியானதா என்று உடனே கேளாதிருத்தல் நன்று. அது எந்நேரம், காற்று எப்பக்கம், மழை வந்து சென்றதா, இனித்தான் வரப்போகின்றதா என்று முதலிற் கேட்கவேண்டும். அவ்விடைகள் ஒவ்வொன்றாகத் தெளிவாகும்போதே, படத்தின் உணர்ச்சி நம் உள்ளத்தில் எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பதும் தெளிவாகும்.